பாய்மரப் படகின் அடிக்கு சிலிக்கோன் பூச்சு: டின் வாங்குவதற்கு முன்பிருந்து தண்ணீரில் இறக்கும் வரை

கடல் உயிர்கள் படகின் அடியில் ஒட்டிப் படியாமல் இருக்கப் பூசுவதுதான் இந்தச் சிலிக்கோன். மலேசியாவின் லங்காவி தீவில் படகைக் கரையேற்றி, தாங்கிகளில் நிறுத்தி, விலை உயர்ந்த சிலிக்கோன் டின்களை வரிசையாக அடுக்கி வைத்த பிறகுதான் பலர் கேட்கிறார்கள்: "இதை எதன் மேல் பூச வேண்டும்?" அதற்குள் யார்டு (படகைக் கரையேற்றி வேலை செய்யும் இடம்) வாடகை ஓடத் தொடங்கிவிட்டது, டின்னும் திறந்தாகிவிட்டது. பின்வாங்க வழியில்லாமல் பழைய செம்புப் பெயின்டின் மேலேயே பூசிவிடுவார்கள். மூன்று மாதத்தில் அது தோலாக உரிந்து வரும்.

டின்னைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையின் ஆறாவது படி. முதல் ஐந்து படிகளுக்கும் பதில் கிடைத்தால் எந்த டின் என்பது அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும். அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றுக்கு "முடியாது" என்று பதில் வந்தால், சிலிக்கோனை விட்டுவிட்டு நல்ல செம்புப் பெயின்டே பூசுங்கள். அதில் தவறொன்றும் இல்லை.

1. படகு எவ்வளவு ஓடுகிறது என்று எழுதிப் பாருங்கள்

செம்புப் பெயின்ட் ஒட்ட வரும் உயிரைக் கொல்லும். சிலிக்கோன் கொல்லாது, பிடிமானத்தை மட்டும் பலவீனமாக்கும். மேற்பரப்பு வழுக்கலாகவும் ரப்பர் போல மென்மையாகவும் இருப்பதால், ஒட்டியது நன்றாக வேர் பிடிக்காது. ஆனால் ஒட்டியதை யாராவது தள்ளிவிட வேண்டும். தண்ணீரின் வேகம் தள்ளும், இல்லையென்றால் உங்கள் கை தள்ள வேண்டும்.

இந்தப் பூச்சுகள் முதலில் எழுந்தது நாள் முழுக்க ஓடும் கப்பல்களுக்காக. பாய்மரப் படகின் கணக்கு வேறு. நீர்மட்டக் கோட்டில் 30 அடி நீளமுள்ள படகின் இயல்பான உச்ச வேகமே 7.3 நாட்தான் (நாட், அதாவது knot, என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). மலாக்கா நீரிணையின் மெல்லிய காற்றில் பல நாள் 4 நாட் வேகத்தில்தான் நகர்வோம்.

கடந்த 12 மாதப் பயணக் குறிப்பை எடுத்து இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, 5 நாட் வேகத்துக்கு மேல் ஓடிய மொத்த மணி நேரம். இரண்டு, படகு அசையாமல் நின்ற மிக நீண்ட இடைவெளி. இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வெதுவெதுப்பான கடலில் மூன்று வாரத்துக்கு மேல் அடிக்கடி சும்மா நிற்கும் படகு, துடைக்கவும் ஆள் இல்லாத படகு என்றால் சிலிக்கோன் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. கொட்டலசு (பார்னக்கிள்), சிப்பி போன்ற ஓடுள்ளவை சிலிக்கோனிலிருந்து எளிதில் விழுந்துவிடும். மெல்லிய பாசி வழும்பு விழாது. அது வேகத்துக்கும் மசியாமல் படிந்தே இருக்கும். "பூச்சு வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பாதி இந்த வழும்பைப் பற்றியவை. அதற்குத்தான் அடுத்த படி.

2. துடைக்கப் போவது யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

மென்மையான ஸ்பஞ்சு அல்லது துணியால் ஒரு முறை வருடினாலே வழும்பு போய்விடும். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் போதும். நீங்களே மூழ்கித் துடைப்பீர்களா, ஆள் வைப்பீர்களா, எத்தனை நாளுக்கு ஒரு முறை? பதிலை எழுதி வையுங்கள். உங்கள் மரினாவில் (படகுகள் நிறுத்தும் துறையில்) தண்ணீருக்குள் வைத்துப் படகு துடைக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். செம்புப் பெயின்டைத் தேய்த்தால் செம்பு கடலில் கரையும் என்பதால் சில இடங்களில் எல்லா வகைத் துடைப்புக்கும் தடை இருக்கும்.

ஆள் வைத்தால் அவர் கையில் என்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள். நான் வேலை செய்த ஒரு படகில், செம்புப் பெயின்டுக்குப் பழகிய மூழ்காளர் வழக்கம்போல இரும்புச் சுரண்டியோடு இறங்கிவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு கீறலும் அடியில் உள்ள எபாக்சி அடிப்பூச்சு வரை இறங்கியிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கீறல்களை மட்டும் கோடு போட்டதுபோல் கொட்டலசு பிடித்திருந்தது. மீதி அடிப்பகுதி சுத்தம். அன்றிலிருந்து "ஸ்பஞ்சு மட்டும்; சுரண்டி, நார் பிரஷ் கூடாது" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றை ஒவ்வொரு உரிமையாளரிடமும் கொடுத்து விடுகிறேன்.

3. நிறுத்துமிடத்தில் ஒரு பலகையைத் தொங்கவிடுங்கள்

அநேகமாக யாரும் செய்யாத படி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இரண்டு துறைமுகங்களின் தண்ணீர் ஒன்றுபோல் இருக்காது. நன்னீர் கலக்கும் ஆற்று வாயில் கொட்டலசு குறைவாக இருக்கும், அதே தீவின் இன்னொரு மூலையில் பத்தே நாளில் மூடிவிடும். தயாரிப்பாளர் தாளில் உங்கள் நிறுத்துமிடம் இல்லை.

30 செ.மீ. சதுர ஃபைபர் கிளாஸ் துண்டு ஒன்று எடுங்கள். எபாக்சி, இடைப்பூச்சு, சிலிக்கோன் என்று முழு வரிசையையும் அதில் பூசுங்கள். இதற்காக முழு டின் வாங்க வேண்டியதில்லை. யார்டில் யாராவது பூசி முடித்திருப்பார்கள், மீதியில் ஒரு கோப்பை கேட்டால் கொடுப்பார்கள். ஒப்பிடுவதற்கு ஒன்றும் பூசாத இன்னொரு துண்டும் வேண்டும். இரண்டையும் உங்கள் படகுக்குப் பக்கத்தில் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் எட்டு வாரம் தொங்கவிடுங்கள்.

பூசிய துண்டின் இடது பாதியை வாரம் ஒரு முறை ஸ்பஞ்சால் துடையுங்கள். வலது பாதியைத் தொடாதீர்கள். எட்டு வாரம் கழித்து வலது பாதியில் பிடித்திருக்கும் கொட்டலசைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அடித்தட்டோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு வேலை செய்கிறது. ஓடு உடைந்து வெள்ளை வட்டம் ஒட்டியே இருந்தால், பூச்சு மெல்லியதாகிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம்.

பலகை நகர்வதே இல்லை. அதனால் அதில் தெரிவது உங்கள் படகுக்கு வரக்கூடிய மிக மோசமான நிலை. அதைப் பார்த்த பிறகும் மனம் ஒப்பினால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம்.

4. இப்போது அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பழைய செம்புப் பெயின்ட் இருந்தால் முழுவதும் எடுக்க வேண்டும். பழைய பெயின்ட் அடுக்கு உரிந்தால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சிலிக்கோனும் சேர்ந்தே போகும். பழைய பெயின்டை மூடும் சீலரைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. பழைய அடுக்கு எங்குமே பெயராமல் கெட்டியாக இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். ஐந்து வருடப் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும் படகில் அது பணத்தைக் கடலில் போடுவது.

இரண்டாம் கையாக வாங்கிய படகென்றால், ஏற்கெனவே சிலிக்கோன் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள். பிடிக்காமல் தானாக விழுந்தால் சந்தேகப்படுங்கள். சிலிக்கோன் மேல் அதே வகைச் சிலிக்கோன்தான் ஒட்டும். எபாக்சியும் ஒட்டாது, சாதாரணப் பெயின்டும் ஒட்டாது.

இதே காரணத்தால் இது எளிதில் திரும்ப முடியாத பாதை. நாளைக்குச் செம்புப் பெயின்டுக்கு மாற வேண்டுமென்றால் சிலிக்கோனையும் இடைப்பூச்சையும் முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் படகை விற்கும் எண்ணம் இருந்தால் வாங்கப் போகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் கிளாஸில் நீர்க்கொப்புளம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்து காயவிடுங்கள். அலுமினியப் படகுக்கு சிலிக்கோன் உண்மையிலேயே நல்ல தேர்வு, செம்பு இல்லாததால் உலோக அரிப்பைப் பற்றிய பயம் குறைகிறது.

பழைய பெயின்டை ஈரத்தோடு தேயுங்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் நஞ்சு இருக்கிறது. முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள், கீழே தார்ப்பாய் விரித்து கழிவைச் சேகரியுங்கள்.

5. யார்டிடம் முன்கூட்டியே கேளுங்கள்

முதல் கேள்வி: சிலிக்கோன் பூச அனுமதி உண்டா? காற்றில் பறக்கும் சிலிக்கோன் துளி பக்கத்துப் படகில் விழுந்தால், அங்கே அடுத்து பூசும் பெயின்ட் குழி குழியாக விலகிவிடும். அதனால் பல யார்டுகள் ஸ்பிரே செய்ய விடுவதில்லை. ரோலருக்குச் சம்மதிப்பார்கள். சிலிக்கோனுக்கு எடுத்த ரோலர், தட்டு, துணி எதையும் வேறு பெயின்ட் வேலைக்குத் தொடாதீர்கள்.

இரண்டாவது: படகைத் திரும்பத் தூக்கும்போது அதன் அடியில் போடும் பட்டைகளை எப்படிக் கட்டுவார்கள்? இது உயிர் சம்பந்தப்பட்டது. சிலிக்கோன் பூசிய அடியில் பட்டை வழுக்கும். முன் பட்டையையும் பின் பட்டையையும் ஒன்றோடொன்று கயிற்றால் இறுக்கிக் கட்டாமல் தூக்க விடாதீர்கள். படகைத் தூக்கும் ட்ராவல் லிஃப்ட் வண்டியின் ஓட்டுநரிடம் நேரில் சொல்லுங்கள், அலுவலகத்தில் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்காது.

மூன்றாவது: தாங்கிகளை நடுவில் ஒரு முறை நகர்த்தித் தருவார்களா, அதற்கு எவ்வளவு? ஒன்பதாம் படியில் இது தேவைப்படும்.

லங்காவியில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. அந்த மாதங்களில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் கூரையில்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே மாட்டேன்.

6. சரி, இப்போது டின்

பாய்மரப் படகுகளுக்கென்று வரும் பூச்சுகளில் ஹெம்பெலின் சிலிக் ஒன், இன்டர்நேஷனலின் பி-ஃப்ரீ எக்ஸ்புளோர் இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. கப்பல்களுக்கான பூச்சு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல, வேகமாகவும் ஓயாமலும் ஓடும் கப்பலைக் கணக்கில் வைத்துச் செய்தவை, ஸ்பிரே கருவியும் கேட்கும்.

"சிலிக்கோன்" என்று எழுதியிருப்பதாலேயே நஞ்சில்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிர்க்கொல்லி கலந்த சிலிக்கோன் பூச்சுகளும் உண்டு. செம்புக்குக் கட்டுப்பாடுள்ள இடங்களுக்குப் போகிறவர்கள் லேபிளை முழுதாகப் படியுங்கள்.

தொழில்நுட்பத் தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கனஅளவில் எத்தனை சதவீதம் திடப்பொருள், உலர்ந்த பின் எத்தனை மைக்ரான் கனம் வேண்டும், ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, தண்ணீரில் இறக்கக் குறைந்தபட்ச நேரம். இடைவெளியைப் பார்க்கும்போது வெப்பநிலையையும் பாருங்கள். 20 டிகிரிக்கான எண் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது 30 டிகிரிக்கான எண், அது பாதிக்கும் குறைவாக இருக்கலாம்.

எபாக்சி, இடைப்பூச்சு, மேல்பூச்சு மூன்றையும் ஒரே நிறுவனத்திலிருந்து வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். சிலிக்கோன் காற்றின் ஈரத்தால் இறுகுவது, மூடி சரியில்லாத பழைய டின்னின் உள்ளேயே தோல் கட்டியிருக்கும்.

ப்ரொப்பெல்லருக்கு இதே டின் வேண்டாம். உலோகத்துக்கென்றே ப்ரொப்ஸ்பீட் போன்ற சிலிக்கோன் வரிசைகள் தனியாக உண்டு, அவற்றின் அடிப்பூச்சும் வேறு.

7. எத்தனை லிட்டர்?

மீன் துடுப்பு போன்ற குறுகிய கீல் (படகின் அடியில் கீழ்நோக்கி நீளும் எடையுள்ள பகுதி) உள்ள படகுக்கு: நீர்மட்டக் கோட்டின் நீளம் × (அகலம் + தண்ணீருக்குள் இறங்கும் ஆழம்) × 0.5. நீளக் கீல் என்றால் 0.5க்குப் பதில் 0.75. 9 மீட்டர் நீளம், 3.3 அகலம், 1.8 ஆழம் என்றால் ஏறக்குறைய 23 சதுர மீட்டர்.

திடப்பொருள் 70 சதவீதம், மொத்தம் 150 மைக்ரான் வேண்டும் என்று தாள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 70-ஐ 10-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் ஒரு லிட்டர் 4.7 சதுர மீட்டருக்கு வரும். 23 சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ரோலரும் தட்டும் குடிப்பதற்கு இன்னொரு 15 சதவீதம் சேருங்கள்.

இதில் சிக்கனம் பிடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பூச்சு கனமாக இருந்தால் கொட்டலசு எளிதில் கழன்று விழும். 100 மைக்ரானுக்குக் கீழே போனால் கொட்டலசு வளர வளர ஓட்டின் விளிம்பால் பூச்சை அறுத்துக்கொண்டு அடியைத் தொட்டுவிடும். டின்னை நீட்டி இழுத்துப் பூசி மிச்சம் பிடித்த பணம் ஒரே பருவத்தில் போய்விடும்.

8. பூசும் நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

சிலிக்கோன் நேராக எபாக்சியில் ஒட்டாது. இரண்டையும் பிடித்துக்கொள்வது இடைப்பூச்சு. அதுவும் எபாக்சி முழுதாகக் காய்ந்த பிறகு பூசினால் நன்றாகப் பிடிக்காது, சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும்போதே பூச வேண்டும். கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் பெயின்ட் வரக் கூடாது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் எபாக்சியைத் தேய்த்து மறுபடி ஒரு எபாக்சி பூச்சிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மேல்பூச்சை எத்தனை மணிக்குத் தொடங்கப் போகிறோம் என்று முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

காலையில் அவசரப்படாதீர்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரி. படகின் மேற்பரப்பு அதைவிட 3 டிகிரியாவது கூட, அதாவது 29-க்கு மேல் இருக்க வேண்டும். ஈயக் கீலும் இரும்புக் கீலும் இரவின் குளிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹல் (படகின் உடல்) காய்ந்த பிறகும் கீலில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியால் ஹல்லை மட்டும் அளந்துவிட்டு கீலை அளக்காமல் விடுகிறவர்களுக்குத்தான் கீலில் உரிகிறது.

வெயில் இன்னொரு தொல்லை. வெயில் படும் பக்கம் இடைவெளி சட்டென்று சுருங்கிவிடும். படகு வடக்கு-தெற்காக நின்றால் காலையில் மேற்குப் பக்கத்தையும் பிற்பகலில் கிழக்குப் பக்கத்தையும் பூசுங்கள். நிழலைத் தொடர்ந்து போகும் இந்த ஒரு பழக்கம் பாதித் தலைவலியைக் குறைக்கும்.

இருவராக வேலை செய்யுங்கள். ஒருவர் உருட்ட, மற்றவர் சீப்பு போன்ற ஈர அளவியால் கனத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பூச்சு 75 மைக்ரான் உலர்ந்த கனம், திடப்பொருள் 70 சதவீதம் என்றால் ஈரத்தில் 107 மைக்ரான் காட்ட வேண்டும். ரோலரால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப உருட்டாதீர்கள். இறுகத் தொடங்கிய மேற்பரப்பு இழுபட்டு நூலாக வரும்.

நீர்மட்டக் கோட்டில் மேல்பூச்சு இடைப்பூச்சைத் தாண்டி வெளியே போகக் கூடாது. தாண்டினால் அந்த விளிம்பு ஒட்டாமல் தொங்கும், அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். மேல்பூச்சுக்கான டேப்பை 3 மி.மீ. கீழே ஒட்டுங்கள். டேப்பை ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். இறுகிய பிறகு உரித்தால் பூச்சும் சேர்ந்து கிழிந்து வரும். உலோக அரிப்பைத் தடுக்கப் பொருத்தியிருக்கும் துத்தநாக ஆனோடுகள் மேல் எதுவும் படக் கூடாது, முன்பே மூடி வையுங்கள்.

9. தாங்கிகளுக்கு அடியில்

படகைத் தாங்கும் ஆறு எட்டு இடங்களைக் கடைசி நாள் அவசரத்தில் ஒரு கை பூசிவிட்டு இறக்குவது பழக்கம். செம்புப் பெயின்டுக்கு அது போதும். இங்கே அந்த ஒவ்வொரு இடத்துக்கும் எபாக்சி, இடைப்பூச்சு, இரண்டு மேல்பூச்சு என்று முழு வரிசையும், அதே இடைவெளிகளோடு வேண்டும்.

ஆகவே தாங்கி இடங்களை முதலில் முடியுங்கள். முதல் நாளே தாங்கிகளை ஒவ்வொன்றாக யார்டு ஆட்களை வைத்து நகர்த்தி, அந்த இடங்களில் முழு வரிசையும் பூசி, நன்றாக இறுகிய பிறகு அங்கே திரும்ப வைத்து மற்ற பகுதியைப் பூசலாம். தாங்கியின் கம்பளத்துக்கும் பூச்சுக்கும் நடுவே தடித்த பாலித்தீன் தாள் வையுங்கள், இல்லையென்றால் கம்பள இழை பூச்சில் ஒட்டிக்கொள்ளும். இணையும் விளிம்பில் புதிய மேல்பூச்சு பழையதன் மேல் இரண்டு விரல் அகலம் ஏறட்டும், சிலிக்கோன் மேல் சிலிக்கோன் நன்றாகவே ஒட்டும். தாங்கியை நீங்களாக நகர்த்தாதீர்கள். படகு சாய்ந்தால் தடுக்க யாராலும் முடியாது.

10. இறக்கிய பிறகு

செம்புப் பெயின்ட்கள் சிலவற்றில் பூசி இத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்ற கெடு இருக்கும். உயிர்க்கொல்லி இல்லாத சிலிக்கோனுக்கு அந்த அவசரம் இல்லை. குறைந்தபட்ச நேரத்தைவிட ஒரு நாள் கூடுதலாகவே கொடுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒரு முறை மூழ்கிப் பாருங்கள். நங்கூரச் சங்கிலி உரசும் முன்பகுதி, சுக்கானின் விளிம்பு, கீலின் அடி, இந்த மூன்று இடங்களில்தான் முதல் காயம் வரும். காயத்தில் பிடித்த கொட்டலசைப் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிவிட்டு, இடத்தைப் புகைப்படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

அடுத்த முறை கரையேற்றும்போது, காயம் எபாக்சி வரை போன இடங்களில் தளர்ந்த விளிம்பைக் கத்தியால் நறுக்கி எடுத்து மூன்று அடுக்கும் பூசுங்கள். கீறல் மேல்பூச்சோடு நின்றிருந்தால் நன்னீரால் கழுவி, காயவிட்டு, அதே மேல்பூச்சை மட்டும் பூசினால் போதும். மொத்த அடியையும் புதுப்பிக்கும்போதும் இப்படித்தான், தேய்க்கும் வேலை இல்லை. இதற்காகவே பூச்சின் பெயர், தொகுதி எண், பூசிய தேதி, அளந்த கனம் எல்லாவற்றையும் படகின் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். எந்தச் சிலிக்கோன் என்று தெரியாத படகுக்கு ஒரு கை அளவு காயத்தைச் சரி செய்வதற்குள் இரண்டு நாள் போய்விடுகிறது.